எனக்குத் தெரிந்ததெல்லாம் சம்பளக் கணக்குத்தான்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 29. பத்தாங் பெர்ஜுந்தையில் இருந்துகொண்டு ஷா ஆலமில் உள்ள, தோட்டங்களுக்குச் சம்பளக் கணக்கு சிஸ்டம் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்துக்கு நிரல் எழுதுகிறேன். வாரத்தில் இரண்டு நாள் ஆபீஸ், மற்ற நாள் வீட்டில். வேலைக்குச் சேர்ந்தபோது இணையத் திரைகள் கட்டும் ஆங்குலர் என்ற கருவியைப் படிக்கச் சொன்னார்கள். அப்புறம் அதே வேலைக்கு ரியாக்ட் என்றார்கள். இப்போது அதிலும் எழுதும் முறை மாறிவிட்டது. பிள்ளை தூங்கிய பிறகு நடு ராத்திரி வரை ஆன்லைன் கோர்ஸ் பார்க்கிறேன். ஒன்பது வாங்கி இரண்டைத்தான் முடித்திருக்கிறேன். புதிதாகச் சேர்ந்த பையன்கள் ஏஐயிடம் கேட்டு ஒரே நாளில் வேலையை முடித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சம்பளக் கணக்குத்தான்: ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப், தொழிலாளர் சமூகக் காப்புறுதியான சொக்சோ, ஓவர்டைம். முதலாளி வேறு, முழு சிஸ்டத்தையும் ரியாக்ட்டுக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறார். நான் எதைப் படிப்பது? இந்தத் துறையில் இனியும் இருக்க முடியுமா? அப்பா அரசாங்க வேலைக்கு மனு போடச் சொல்கிறார்.
– வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை, மலேசியா

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கருவிகளைப் பற்றி அத்தனை வரி எழுதிவிட்டு, நடுவில் ஒரே வரியில் "எனக்குத் தெரிந்ததெல்லாம் சம்பளக் கணக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறீர்கள். அந்தத் "தான்" எனக்குப் பொறுக்கவில்லை. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நானும் இதே ஊர். பெயர்ப் பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று மாறி எத்தனையோ வருடமாகியும் நம் வாயில் பத்தாங் பெர்ஜுந்தைதானே வருகிறது! 1999-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த முதல் வேலை தோட்டங்களுக்கான செக்ரோல், அதாவது வருகை, கூலிப் பதிவேடு. யார் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தார், எத்தனை செம்பனைக் குலை வெட்டினார், எத்தனை சாக்கு உதிரிப் பழம் பொறுக்கினார் என்று தோட்டத்துக் கணக்கரான கிராணி பெரிய நோட்டில் எழுதிவைத்ததைக் கணினிக்குக் கொண்டுவர வேண்டும். கையில் இருந்தது விஷுவல் பேசிக் 6 என்ற நிரல் மொழி. அதற்கு முந்தைய வருடம்தான் வெளியாகியிருந்தது. ராத்திரி பகலாகப் படித்து, இனி இதை வைத்தே காலம் தள்ளலாம் என்று நம்பியிருந்த நேரத்தில், 2002-இல் அதன் இடத்தில் டாட்நெட் வந்தது. பெயரில் விஷுவல் பேசிக் இருந்தது. ஆனால் நான் எழுதிய பழைய நிரல் அதில் அப்படியே ஓடவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். ஆகவே உங்கள் களைப்பு எனக்குப் புதிதல்ல.

அதற்குப் பிறகும் விடவில்லை. 2006-இல் இணையப் பக்கங்களுக்கான ஜேகுவெரி. 2010-இல் ஆங்குலர்ஜேஎஸ், நீங்கள் சொன்ன ஆங்குலரின் முதல் வடிவம். அதைப் படித்து ஒரு சிஸ்டம் முழுக்கக் கட்டி முடித்தோம். 2016-இல் அதன் அடுத்த பதிப்பு, அடியோடு வேறொரு பொருளாக வந்து நின்றது. 2013-இல் வந்த ரியாக்ட்டில்கூட, 2019-இல் ஹுக்ஸ் என்று ஒன்று வந்து, அதுவரை எழுதிய முறையைப் பழையதாக்கிவிட்டது.

இத்தனையிலும் மாறாமல் என்னோடு வந்தவை எவை என்று ஒருநாள் உட்கார்ந்து யோசித்தேன். முதலில் நினைவுக்கு வந்தது டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல். அதற்கு அடிப்படையான கட்டுரையை ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் எழுதினார். 1986-இல் அந்த மொழிக்கு அமெரிக்காவில் தரநிலை வந்தது, நீங்கள் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்னால். 1999-இல் ஒரு தோட்டத்தின் மாதச் சம்பளத்தைக் கூட்டுவதற்கு நான் எழுதிய வரியை இன்று ஒரு புது டேட்டாபேஸில் போட்டால், அனேகமாக ஒரு எழுத்தையும் மாற்றாமல் ஓடும். அடுத்து நினைவுக்கு வந்தது, நீங்கள் "தான்" போட்டுத் தள்ளிவைத்த அந்தச் சம்பளக் கணக்கு. மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி. ஓவர்டைம் என்றால் அதன் மணிக் கணக்கில் ஒன்றரை மடங்கு, பொது விடுமுறையில் என்றால் மூன்று மடங்கு. இதை எந்தக் கருவியும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. எந்தக் கருவி போனாலும் இது என்னைவிட்டுப் போகவுமில்லை.

2020-இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த வருடம் பிப்ரவரி கடைசியில் அரசாங்கம் ஓர் அறிவிப்பு செய்தது: தொழிலாளியின் ஈபிஎஃப் பங்கு 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகக் குறையும், ஏப்ரலிலிருந்து நடப்புக்கு வரும். கையில் இருந்தது ஒரே மாதம். நடுவில் மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடும் வந்துவிட்டது. ஆபீஸ் மூடிவிட்டார்கள். நான் வீட்டு முன்னறையில், லைன் இருந்தும் இல்லாததுமான இணையத்தில் உட்கார்ந்து எங்கள் நிரலைத் திறந்து பார்த்தேன். 11 என்ற எண்ணை நானே என் கையால் 17 இடங்களில் நேரடியாக எழுதிவைத்திருந்தேன். இடையில் குறைந்தாலும் மறுபடி 11-க்கே திரும்பிவிடும் எண்தானே என்ற நினைப்பு.

சரி, 17 இடத்திலும் 7 என்று மாற்றினால் முடிந்ததா? இல்லை. விருப்பப்பட்டவர்கள் படிவம் நிரப்பிக் கொடுத்து 11-லேயே இருக்கலாம் என்று விதி சொன்னது. ஆக, விகிதம் என்பது நாடு முழுவதற்கும் ஒன்று என்றில்லாமல், ஆளுக்கு ஆள் வேறு. அதோடு, போன வருடத்துச் சம்பளச் சீட்டை யாராவது திரும்பக் கேட்டால் அதில் பழைய 11 தான் அச்சாக வேண்டும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விகிதத்தை நிரலுக்குள் எழுதக் கூடாது. தனி அட்டவணையில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, யாருக்கு என்று எழுதிவைக்க வேண்டும். இரண்டு வாரத்தில் அப்படி மாற்றினேன். அப்படியும் ஓர் இடத்தைத் தவறவிட்டேன். ஒரு தோட்டத்தில் அந்த மாதச் சம்பளப் பாக்கிக்கு மட்டும் 11 பிடித்துவிட்டது. தொழிலாளிகளுக்கு 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போயாக வேண்டும். கிராணி ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டு, "என்னம்மா, இப்படிப் பிடிச்சிருக்கு, நாளைக்கு நான் என்ன சொல்றது அவங்ககிட்ட" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

2021 ஜனவரியில் அதே விகிதம் 9 ஆனது. 2022 ஜூலையில் மறுபடி 11. இரண்டு முறையும் நான் நிரலைத் தொடவே இல்லை. அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன், அவ்வளவுதான். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஈபிஎஃப் கட்டாயமாகி, முதலாளி 2, தொழிலாளி 2 என்று வந்தபோதும் அப்படித்தான். இன்று நம் பக்கத்துத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். அந்த ஒரு வரி எத்தனை பேர் சம்பளச் சீட்டைத் தொடும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்தப் பாடத்தை நான் கற்றது பழைய ஆங்குலரில். அதன் ஆதரவு 2021 டிசம்பரோடு நின்றுவிட்டது. பாடம் நிற்கவில்லை. நீங்கள் வாங்கிய ஒன்பது கோர்ஸில் எதிலும் இது இருக்காது.

இப்போது ஏஐக்கு வருகிறேன். புதுப் பையன்களைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள். நானும் ஒரு நாள் ஏஐயிடம், மலேசியச் சம்பளத்துக்குத் தொழிலாளியின் ஈபிஎஃப் கணக்கிடும் நிரல் எழுது என்று கேட்டேன். அரை நிமிடத்தில், படிக்கவே அழகாக, சம்பளத்தை 0.11-ஆல் பெருக்கிக் கொடுத்தது. 2,010 வெள்ளி (ரிங்கிட்) சம்பளம் என்றால் 221 வெள்ளி 10 காசு. ஆனால் ஈபிஎஃப் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, 2,000-க்கு மேல் 2,020 வரை ஒரே படி. தொழிலாளி பங்கு 223 வெள்ளி, காசு கிடையாது. "மூன்றாம் அட்டவணைப்படி செய், இதோ அந்த அட்டவணை" என்று கொடுத்தவுடன் அதே ஏஐ சில நிமிடத்தில் சரியாக எழுதிவிட்டது. எனக்கு அரை நாள் மிச்சம். ஆகவே அதைப் பயன்படுத்துங்கள், தயங்காதீர்கள். ஆனால் 221.10 என்று பார்த்ததும் "இது தப்பு" என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தப் பையன்களில் யாருக்கு அது தெரியும்? உங்களுக்குத் தெரியும்.

அதற்காக, எந்த வேலையும் எங்கேயும் போகாது என்று பூசி மெழுக நான் தயாரில்லை. வேலைகள் போகும். என் அம்மாவின் வேலை போனது. நம் ஊர்ப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நட்டார்கள். அதற்கு அருகில் இருந்த ஒரு தோட்டத்தில் அம்மா எழுபதுகளில் வேலை பார்த்தார். பெண் பூ விரிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்து, ஆண் பூவின் மகரந்தத்தை டால்க் பொடியோடு கலந்து கையால் அடிக்கிற வேலை. பூ மகரந்தம் ஏற்பது இரண்டு மூன்று நாள்தான். விட்டுவிட்டால் குலை சரியாகப் பிடிக்காது. பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை அது. 1981-இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். மகரந்தம் சேர்க்கும் வேலையை அது பார்த்துக்கொண்டது. கொஞ்ச காலத்துக்குள் அந்தப் பெண்களின் வேலை இல்லாமல் போனது.

அம்மாவைக் குலை எண்ணும் வேலைக்கு மாற்றினார்கள். மரத்தில் காயாக நிற்கும் குலைகளை எண்ணி, அடுத்த சில மாதத்தில் எவ்வளவு விளையும் என்று தோட்டத்துக்குச் சொல்கிற வேலை. எந்தப் பூ எப்போது குலையாகும் என்று பல வருடம் பார்த்துப் பார்த்துப் பழகிய கண், அதில் சீக்கிரமே நல்ல பெயர் வாங்கியது. பொடி அடிக்கும் குழலை மட்டும் திருப்பிக் கொடுத்தார். ஆனால் அம்மாவோடு நின்ற எல்லாருக்கும் அப்படி அமையவில்லை. சிலர் தோட்டத்தை விட்டே போனார்கள். அதையும் சேர்த்துத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் கேள்வி: எதைப் படிப்பது? ஒரு புதுக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டால் நான் முதலில் பார்ப்பது, இது யாருடைய தொல்லையைத் தீர்க்கப் பிறந்தது என்பதைத்தான். ரியாக்ட்டை ஃபேஸ்புக் தன் சொந்தப் பக்கங்களுக்காகச் செய்தது. குபர்நெட்டிஸ் 2014-இல் கூகுளிலிருந்து வந்தது. ஏராளமான கணினிகளை ஒன்றாக மேய்க்கிறவர்களின் கவலையிலிருந்து பிறந்தது. நாற்பது தோட்டங்களுக்குச் சம்பளம் போடும் ஒரு நிறுவனத்துக்கு அந்தக் கவலை இல்லை. தொல்லை இல்லாத இடத்தில் மருந்தைக் கொண்டுவந்தால் மருந்தே தொல்லையாகிவிடும். கூடவே, ஒரு கருவி தனியாக வருவதில்லை, பின்னால் பிறர் எழுதிய நூறு சிறு நிரல் பொட்டலங்களை இழுத்துக்கொண்டு வரும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பொட்டலத்தை அதை எழுதியவர் எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த எத்தனையோ பேருடைய நிரல்கள் உலகெங்கும் அன்றைக்குக் கட்டப்படாமல் நின்றன.

அப்புறம், அவசரம் பற்றி. பைத்தான் என்ற நிரல் மொழியின் மூன்றாம் பதிப்பு, பைத்தான் 3, வந்தது 2008-இல். பைத்தான் 2-ஐ நிறுத்தியது 2020 ஜனவரி முதல் தேதி. பதினொரு வருடத்துக்கும் மேல் அவகாசம்! இணையத்தில் அசையும் படம், விளையாட்டு ஓட்டிய ஃபிளாஷ் நிற்கப்போகிறது என்று 2017-இல் சொல்லி, 2020 கடைசியில்தான் நிறுத்தினார்கள். பெரிய கருவிகள் சாகும்போது பெரும்பாலும் வருடக்கணக்கில் சொல்லிவிட்டுத்தான் சாகின்றன. நமக்கு உண்மையில் அவசரமாக வருவது சட்டம். ஈபிஎஃப் மாற்றத்துக்கு ஒரு மாதம்தான் கிடைத்தது. 2023 ஜனவரியிலிருந்து வேலை நேரம் வாரத்துக்கு 48 மணியிலிருந்து 45 ஆனது, மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 ஆனது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளி ஆனது. நீங்கள் தூக்கம் கெட்டுப் பார்க்க வேண்டிய செய்தி ஏதாவது உண்டென்றால் அது இந்தப் பக்கத்தில்தான். அதற்கும் தூக்கம் கெட வேண்டியதில்லை, முன்கூட்டியே அட்டவணை போட்டு வைத்தால்.

ராத்திரி கோர்ஸை நிறுத்துங்கள். சோம்பேறித்தனமாக இருக்கச் சொல்லவில்லை. பயன்படுத்த வேலை இல்லாமல் படித்தது மனதில் நிற்காது, அதனால்தான் ஒன்பதில் ஏழு பாதியில் கிடக்கின்றன. நான் ரியாக்ட் கற்றது, என் மகன் படித்த தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கு ஒரு சந்தாப் பட்டியல் செய்து கொடுத்தபோது. பொருளாளர் டீச்சர் கையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். யார் கட்டினார், யார் பாக்கி, ஒரே வீட்டில் மூன்று பிள்ளை என்றால் ஒரே சந்தாதானே என்று அவர் கேட்கக் கேட்க எழுதினேன். மூன்று வாரத்தில் வந்துவிட்டது. கேட்கிற ஆள் எதிரில் இருந்தால் எந்தக் கருவியும் படியும்.

இன்னொன்று, வாரத்தில் ஒரு மணி நேரம், ஆபீஸ் நேரத்திலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நீங்கள் ஏற்கனவே பயன்படுத்தும் மொழி, டேட்டாபேஸ், ஆங்குலர் போன்ற ஒரு ஃபிரேம்வொர்க், இந்த மூன்றின் புதுப் பதிப்புக் குறிப்புகளை மட்டும் படியுங்கள். சின்னச் சின்னதாக மேம்படுத்திக்கொண்டே வாருங்கள். நான்கு வருடம் விட்டுவிட்டு ஒரே தாவலில் ஏறப் பார்த்துத்தான் நாங்கள் ஒருமுறை ஆறு மாதத்தைத் தொலைத்தோம். மிச்ச நேரம் இருந்தால் எஸ்க்யூஎல்லை ஆழமாகப் படியுங்கள், நிரலில் செய்த மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியை ஆழமாகப் படியுங்கள். கிட் 2005-இல் வந்தது, போகிற இடமெல்லாம் அதுதான் இருக்கிறது.

அப்பா சொல்வதை நான் குறைத்துப் பேச மாட்டேன். நம் அப்பாக்கள் பார்த்த வாழ்க்கையில், மாதம் தவறாத சம்பளம் என்பது சாதாரணப் பொருளல்ல. உங்களுக்கு அந்த வேலை பிடித்திருந்தால் மனு போடுங்கள். பின்தங்கிவிட்டேன் என்ற பயத்தில் மட்டும் போடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் பின்தங்கவில்லை.

முதலாளியின் கேள்வி மிச்சம் இருக்கிறது. முதலில் உங்கள் சிஸ்டத்தில் இருப்பது எந்த ஆங்குலர் என்று பாருங்கள். பதிப்பு எண் 1.5, 1.8 என்பதுபோல 1-உம் புள்ளியுமாகத் தொடங்கினால் அது பழைய ஆங்குலர்ஜேஎஸ். பாதுகாப்புக் குறை கண்டுபிடித்தாலும் அதை எழுதியவர்கள் சரிசெய்து தர மாட்டார்கள். மாற்ற நியாயமான காரணம் உண்டு. அதற்குப் பிந்தையது என்றால் வெறுமனே பதிப்பை உயர்த்தினால் போதும், ரியாக்ட்டுக்குத் தாவ வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. எப்படியானாலும் முழுதையும் ஒரே மூச்சில் மாற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். கிராணிகள் அதிகமாகக் குறை சொல்கிற ஒரு திரையை எடுத்து, அதை மட்டும் புதிதாக எழுதி, பழையதோடு பக்கத்தில் ஓடவிடுங்கள். போன பன்னிரண்டு மாதச் சம்பளத்தைப் பழையதிலும் புதியதிலும் போட்டு, ஆள் ஆளாக, காசு காசாக ஒப்பிடுங்கள். ஒரு காசு மாறினாலும் நிறுத்தி, ஏன் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள். எங்கள் ஒப்பீட்டில் வித்தியாசம் வந்த ஓர் இடத்தில், தப்பாக இருந்தது நான் வருடக்கணக்காக நம்பியிருந்த பழைய கணக்கு. அந்தத் தோட்டத்து கிராணியைக் கூப்பிட்டுச் சொல்லி, பாக்கியைக் கணக்குப் போட்டுக் கொடுக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. உங்களுக்கும் அப்படி ஏதாவது அகப்பட்டால் எழுதுங்கள். எங்கே தேட வேண்டும் என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் அக்கா